பார்டர் போட்டால் சுருட்டல் போகாது

என் பின்னல் வகுப்புக்கு இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது போர்வை இது. நீளக் கொக்கி ஊசியில் பின்னும் துனீசியன் குரோஷா வகை. பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்ததுதான் தாமதம், கோரைப்பாய் மாதிரி தானாகச் சுருண்டுகொண்டது. கிளிப்பச்சை, மஞ்சள், மெரூன், மயில் நீலம் என்று எட்டு நிறங்கள். ஒரு முழத்துக்கு மேல் பின்னியாகிவிட்டது. "டீச்சர், சுத்தி ஒரு பார்டர் மட்டும் போட்டுக் குடுங்க, சரியாயிரும்" என்றார் அந்த அம்மா. பேரப்பிள்ளைக்காக இரண்டு மாதம் உட்கார்ந்து பின்னியது. முடியாது என்று சொல்ல மனசே வரவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

சரியாகாது. பார்டர் இரண்டு விரல் அகலம், போர்வை நான்கடி. நான்கடி இறுக்கத்தை இரண்டு விரல் எப்படிப் பிடித்து நிறுத்தும்? பார்டரும் சேர்ந்து சுருளும், அல்லது ஓரம் மட்டும் பாவாடைக் கொசுவம் போல அலையலையாக நிற்கும். அடுத்த யோசனை இஸ்திரி. அக்ரிலிக் நூல் என்பது பிளாஸ்டிக். சூடான பெட்டியை மேலே வைத்தால் இழை உருகிப் பளபளப்பாகி, துவண்டுபோகும். அப்படிப் போனது திரும்ப வராது. "ஒரு தடவை துவைச்சா படிஞ்சிரும்" என்பார்கள். கம்பளி நூலையும் பருத்தி நூலையும் நனைத்து, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் ஓரளவு படியும். அக்ரிலிக் நனைந்து காய்ந்ததும் பழையபடி சுருளும். இதை வருடக்கணக்காக வகுப்பில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும் பையில் சுருண்ட போர்வை வந்துகொண்டே இருக்கிறது.

துனீசியன் பின்னலில் துணியைத் திருப்புவதே இல்லை. வலமிருந்து இடம் லூப்களை எடுத்து ஊசியில் சேர்க்கிறோம், இடமிருந்து வலம் அவற்றை முடித்துக்கொண்டே வருகிறோம். முன்பக்கம் முழுக்க நின்ற கோடுகள், பின்பக்கம் படுத்த முண்டுகள். அது சுருளத்தான் பார்க்கும். சுருட்டலை அடக்கும் வேலை முதல் வரிசையில் இருக்கிறது, கடைசி வரிசையில் இல்லை.

ஊசியைப் பெரிதாக எடுங்கள். நூல் லேபிளில் 4 மி.மீ. என்று போட்டிருந்தால் இந்தப் பின்னலுக்கு 5.5 அல்லது 6. அந்த அம்மா 4-லேயே பின்னியிருந்தார், அதுவும் இறுக்கமான கை. தொடக்கத்தில் சங்கிலி மாதிரி வரும் செயினைப் போட்டதும் அதன் முன்பக்க 'வி'யில் குத்தாமல், திருப்பிப் பார்த்து முதுகில் இருக்கும் சிறு முண்டுகளில் லூப் எடுங்கள். திரும்பி வரும்போது நூலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். முதல் லூப்பைத் தனியாக முடித்துவிட்டு, அப்புறம்தான் இரண்டிரண்டாக. இதை விட்டால் இடப்பக்க ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். வரிசையின் கடைசி லூப்பை இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடித்து எடுங்கள். எத்தனை லூப் என்று ஒவ்வொரு வரிசையும் எண்ணுங்கள், சோம்பல் படாதீர்கள்.

போர்வை அகலத்துக்குச் சாதாரணக் குரோஷா ஊசி போதாது, பாதி லூப்கள் வழுக்கி விழும். பின்னால் வயர் வைத்த ஊசிதான் வேண்டும்.

நிறம் மாற்றுவது வலப்பக்க ஓரத்தில். திரும்பி வரும் வரிசையில் ஊசியில் இரண்டு லூப் மிச்சம் இருக்கும்போதே புது நிறத்தை அவற்றுக்குள் இழுத்துவிட வேண்டும். வரிசையை முடித்துவிட்டு மாற்றினால் பழைய நிறம் ஓரத்தில் புள்ளியாகத் தெரியும். வால் நூலை 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஒரு கண்டு பருத்தி, ஒரு கண்டு அக்ரிலிக் என்று தயவுசெய்து கலக்காதீர்கள். பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது. சிவப்பையும் மெரூனையும் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வெள்ளைக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் 25 லூப், 20 வரிசை. ஒரு சின்னத் துண்டு பின்னி மேசையில் போடுங்கள். சுருண்டால் ஊசியை மாற்றுங்கள். அரைமணி நேர வேலை. அதைச் செய்துவிடுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தப் போர்வையை நானும் அந்த அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தோம். நெளிநெளியாக வந்த நூலை நிறம் நிறமாகச் சிட்டம் கட்டி, அலசிக் கொடியில் போட்டிருக்கிறார். புதிதாக 6 மி.மீ. ஊசி வாங்கிவிட்டார். நூல் காய்ந்ததும் துண்டு பின்னி எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.