புராஸ்டேட் வீக்கத்தைக் கரைக்கும் நீராவி

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பி, இளமையில் 20 கிராம் அளவே இருக்கும். 50 வயதுக்கு மேல் பெரும்பாலான ஆண்களுக்கு அது மெல்லப் பெருக்கிறது. இது புற்றுநோய் அன்று. ஆனால் குழாயை ஒட்டிய உட்பகுதியிலேயே இந்த வளர்ச்சி நிகழ்வதால், சிறுநீர் தடைப்பட்டு, இரவில் பலமுறை எழ வேண்டிய நிலை வருகிறது. சுரப்பி எவ்வளவு பெருத்தது என்பதைவிட, அது குழாயை எங்கே நெருக்குகிறது என்பதே முக்கியம்.

மாத்திரைகள் போதாதபோது, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் உட்திசுவைச் சீவி எடுக்கும் டி.யு.ஆர்.பி. அறுவை நெடுங்காலமாகக் கைகொடுத்து வருகிறது. பலன் உறுதியானது, எனினும் அதன் பின் பலருக்கு விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிச் சென்றுவிடுகிறது. இதைத் தவிர்க்க விரும்புவோருக்காக உருவான முறைகளுள், 2015-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்ற ரெசூம் என்னும் நீராவிச் சிகிச்சையின் இயற்பியல் வியக்கத்தக்கது.

ஒரு கிராம் கொதிநீர் உடல் வெப்பநிலைக்குக் குளிரும்போது சுமார் 63 கலோரி வெப்பத்தையே தருகிறது. அதே ஒரு கிராம் நீராவியோ, நீராக மாறும் கணத்திலேயே ஏறத்தாழ 540 கலோரியை விடுவிக்கிறது. இட்லிப் பானையின் ஆவி பட்ட கை வெந்நீர் பட்டதைவிடக் கடுமையாக வேகுவதற்கும் இந்த உள்ளுறை வெப்பமே காரணம். சிறுநீர்ப் பாதை வழியே செலுத்தப்படும் கருவியிலிருந்து மெல்லிய ஊசி ஒன்று பெருத்த திசுவுக்குள் நுழைந்து, ஒன்பது வினாடிகள் ஆவியைச் செலுத்துகிறது. இதற்கு அரை மில்லிலிட்டருக்கும் குறைவான நீரே போதும். செல்களின் இடைவெளிகளில் பரவும் ஆவி அங்கேயே குளிர்ந்து, திசுவை 70 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றிச் செல்களை அழிக்கிறது. சுரப்பியின் உட்பகுதிகளைப் பிரிக்கும் இயற்கையான எல்லைகளை ஆவி எளிதில் கடப்பதில்லை என்பதால், அண்டைத் திசுக்கள் பெரும்பாலும் காக்கப்படுகின்றன.

இறந்த திசுவை உடலே சில வாரங்களில் உறிஞ்சிக்கொள்கிறது; எனவே நிவாரணமும் படிப்படியாகவே வரும், முழுப் பலன் தெரிய மூன்று மாதங்கள் வரை ஆகலாம். தொடக்கத்தில் வீக்கம் கூடுவதால், சில நாள்கள் சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாயுடன் இருக்க வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி கலங்கிப்போவார்.

இன்னொரு முறையான யூரோலிஃப்டில் திசு எதுவும் அழிக்கப்படுவதில்லை. குழாயை நெருக்கும் சுரப்பி மடல்களைச் சிறு பொருத்திகள் இருபுறமும் இழுத்துப் பிடிக்கின்றன. சுரப்பி மிகப் பெரிதாக இருந்தால், தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே நுண்குழாயைச் செலுத்தி, நுண்துகள்களால் அதன் இரத்த ஓட்டத்தை அடைக்கும் முறையும் உண்டு.

டி.யு.ஆர்.பி.யில் சீவி எடுத்த திசு நோயியல் ஆய்வுக்குச் செல்லும்; இம்முறைகளிலோ ஆய்வுக்குத் திசு எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் அளவைக் காணும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை உள்ளிட்டவற்றால் புற்றுநோய் ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்வது இங்கே கூடுதல் அவசியமாகிறது.