சுவரைத் தள்ளும் கூரை

கி.பி. 558 மே மாதம் கான்ஸ்டான்டினோபிள் நகரில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், ஹாகியா சோபியா தேவாலயத்தின் பெரிய குவிமாடம் சரிந்து விழுந்தது. கட்டி முடித்து 20 வருடம்தான் ஆகியிருந்தது. 553இலும் 557இலும் வந்த நிலநடுக்கங்கள் அதை ஏற்கெனவே ஆட்டம் காண வைத்திருந்தன. ஆனால் பழி முழுவதையும் பூமியின் மேல் போட முடியாது. முதலில் கட்டிய குவிமாடம் மிகவும் தட்டையாக இருந்தது. தட்டையாக இருந்தால் என்ன கெட்டுவிடும்?

சுவரில் சாய்த்து வைத்த ஏணியைப் பாருங்கள். அதன் எடை கீழ்நோக்கித்தான் இறங்குகிறது, ஆனாலும் அடிப்பகுதி வெளியே நழுவப் பார்க்கிறது. எவ்வளவு படுக்கையாகச் சாய்க்கிறோமோ அவ்வளவு வேகமாக நழுவும். கல்லிலோ செங்கல்லிலோ கட்டிய வளைவும் இப்படித்தான். தன் எடையைக் கீழே இறக்கும்போதே இரு கால்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. வளைவையே சுழற்றிச் செய்ததுதான் குவிமாடம் என்பதால், அது எல்லாத் திசைகளிலும் தள்ளும். கிழக்கு ரோமப் பேரரசின் கட்டடங்களையும் (பைசாந்தியக் கட்டடங்கள் என்பார்கள்), அவற்றுக்குப் பிறகு மேற்கு ஐரோப்பாவில் அரை வட்ட வளைவுகளோடு வந்த ரோமனெஸ்க் கட்டடங்களையும் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: இந்தத் தள்ளலை யார் வாங்கிக்கொள்கிறார்கள்?

ரோமில் உள்ள பழங்காலக் கோயிலான பாந்தியனில் பதில் சுலபம். வட்டமான தடித்த சுவர், அதன்மேல் வட்டக் குவிமாடம். ஆனால் ஜஸ்டினியன் பேரரசருக்காக 532இல் வேலையைத் தொடங்கிய ஆந்தெமியஸும் இசிடோரும் எடுத்துக்கொண்டது சதுரம். இருவரும் வடிவ கணிதத்தில் கை தேர்ந்தவர்கள், அது கட்டடத்தில் தெரிகிறது. சதுரத்தின் நான்கு மூலைகளிலும் பிரமாண்டமான தூண்களை நிறுத்தி, அவற்றுக்கிடையே நான்கு வளைவுகளை எழுப்பினார்கள். அடுத்தடுத்த இரண்டு வளைவுகளுக்கு நடுவே மூலையில் ஒரு வெற்றிடம் மிஞ்சும் அல்லவா? அதை உட்பக்கமாக வளைந்த முக்கோணத்தால் நிரப்பினார்கள். தூணின் தலையில் ஒரு புள்ளியாகத் தொடங்கி, மேலே போகப் போக அகன்று, பக்கத்து முக்கோணங்களோடு சேர்ந்து ஒரு முழு வட்டமாக முடியும். இதற்குப் பெயர் பெண்டென்டிவ். சதுரத்தின் மூலைவிட்டத்தை விட்டமாகக் கொண்ட ஒரு பெரிய கோளத்தைக் கற்பனை செய்து, அதிலிருந்து வெட்டி எடுத்த நான்கு துண்டுகள் இவை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் கிடைக்கும் லாபம் பெரிது. சுமார் 31 மீட்டர் அகலமுள்ள குவிமாடத்தின் எடை நான்கு தூண்களுக்குப் போய்விடுகிறது. நடுவில் உள்ள சுவர்களுக்கு வேலை குறைவு. அவற்றில் இஷ்டத்துக்கு ஜன்னல் வைக்கலாம். குவிமாடத்தின் அடியிலேயே 40 ஜன்னல்கள் இருக்கின்றன. கனமான கூரைக்கு அடியில் ஓட்டை போடுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் குவிமாடத்தின் அடிப்பகுதி விரியப் பார்க்கும்போது, மேலிருந்து கீழாக விரிசல் விழும் இடமே அதுதான். விரிசல் விழப்போகும் இடத்தில் இடைவெளியை அவர்களே விட்டுவிட்டார்கள்.

சரி, அந்தத் தள்ளல்? கிழக்கிலும் மேற்கிலும் அரைக் குவிமாடங்கள் முட்டுக் கொடுத்தன. வடக்கிலும் தெற்கிலும் அவை இல்லை, வளைவுகளும் முட்டுச்சுவர்களும் மட்டும்தான். அதனால் அந்தப் பக்கத் தூண்கள் வெளியே சாய்ந்தன. அவசரமும் சேர்ந்துகொண்டது. ஆறு வருடத்துக்குள் இவ்வளவு பெரிய கட்டடம் எழுந்துவிட்டது. செங்கற்களுக்கு நடுவே செங்கல் அளவுக்கே தடித்த சாந்து. அதில் செங்கல் தூள் கலந்திருந்தது. முல்லைப் பெரியாறு அணையில் போட்ட சுர்க்கியும் இதே வகைதான். நல்ல சாந்து, ஆனால் இறுக நேரம் எடுக்கும். இறுகுவதற்குள் மேலே பாரம் ஏறினால் தூண் வளையாமல் என்ன செய்யும்? இரண்டாவது குவிமாடத்தை இன்னொரு இசிடோர் சுமார் 6 மீட்டர் உயர்த்திக் கட்டினார். ஏணியை நிமிர்த்தி வைத்தது போல, தள்ளல் குறைந்தது. அதற்கும் பிறகு 989இல் மேற்குப் பகுதியும் 1346இல் கிழக்குப் பகுதியும் விழுந்தன. 989ஆம் ஆண்டுச் சேதத்தைச் சீர்செய்தவர் ஆர்மேனியக் கட்டடக் கலைஞர் த்ர்தாத். இன்றும் குவிமாடத்தின் அடி சரியான வட்டம் கிடையாது.

மேற்கே, 11ஆம் நூற்றாண்டில், பிரச்சினை வேறாக இருந்தது. மரக்கூரை போட்ட தேவாலயங்கள் தீப்பிடித்தன. கல்லில் கூரை வேண்டும். அதற்கு எளிய வழி, அரை வட்ட வளைவை நீளமாக இழுத்துக்கொண்டே போவது. பாதியாகப் பிளந்து கவிழ்த்த பீப்பாய் மாதிரி இருக்கும். சென்ட்ரிங்குக்கு ஒரே மரச்சட்டத்தை நகர்த்தி நகர்த்திப் பயன்படுத்தலாம், சிக்கனம். ஆனால் இது நான்கு தூண்களை மட்டும் தள்ளுவதில்லை. சுவர் முழுக்க, ஒவ்வோர் அடியிலும் தள்ளுகிறது. எனவே சுவர் முழுக்கவே தடிமனாக இருந்தாக வேண்டும். ஜன்னல் சின்னதாக இருந்தாக வேண்டும். ரோமனெஸ்க் தேவாலயங்களின் இருட்டைப் பக்தி மனநிலை என்று வர்ணிப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது பெரும்பாலும் பாரக் கணக்கு என்றுதான் படுகிறது. பிரான்சில் உள்ள துலூஸ் நகரின் சான் செர்னான் தேவாலயத்தில் இரு பக்க மாடங்களின் மேல் கால் வட்டக் கூரைகள் நடுக்கூடத்துக்கு முட்டுக் கொடுக்கின்றன. கட்டடம் நன்றாக நிற்கிறது. ஆனால் நடுக்கூடத்தில் உயரே ஜன்னல் வைக்க இடமே இல்லை.

வெளிச்சத்துக்கு ஆசைப்பட்ட, அதே பிரான்சின் வெசலே மடாலயத்தில், இரண்டு பீப்பாய்க் கூரைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் முறையைப் பிடித்தார்கள். தள்ளல் நான்கு மூலைகளில் சேர்வதால் நடுவே ஜன்னல் திறக்கலாம். ஆனால் அந்த மூலைகளுக்கு வெளியே போதுமான முட்டு இல்லை. சுவர்கள் வெளியே சாய்ந்தன, வளைவுகள் தொய்ந்தன. 1840இல் 26 வயது கட்டடக் கலைஞர் வியோலே லெ துக்கிடம் சீரமைப்புப் பொறுப்பு வந்தபோது கட்டடம் விழும் நிலையில் இருந்தது. சரியான விடை இங்கிலாந்தின் டர்ஹாமில் உருவானது. 1093இல் தொடங்கிய அந்தத் தேவாலயத்தில் கூரைக்கு அடியில் விலா எலும்புகள் போலக் கல் வளைவுகள் ஓடுகின்றன. நடுக்கூடத்தின் குறுக்கு வளைவுகள் அரை வட்டமாக இல்லாமல் கூர்நுனியோடு இருக்கின்றன. அதே அகலத்துக்கு அதிக உயரம், குறைந்த தள்ளல். அடுத்து வந்த காத்திக் கட்டடப் பாணிக்கு வேண்டிய சரக்கு பாதி அங்கேயே தயார்.

இதே காலத்துக் கோட்டைகளுக்கும் சுவர் தடிமன்தான், காரணம் வேறு. வில்லியம் மன்னர் லண்டனில் தொடங்கிய வெள்ளைக் கோபுரத்தில் அடிச்சுவர் சுமார் 4.5 மீட்டர். அதற்குள் இருக்கும் புனித யோவான் சிற்றாலயத்துக்குப் பீப்பாய்க் கூரை உண்டு, மற்றபடி பெரும்பாலும் மரத்தளங்கள்தான். மரத்தளம் சுவரைத் தள்ளாது, பாரத்தை நேராகக் கீழே இறக்கும். தடிமன் எதிரிக்காக. அந்தத் தடிமனுக்குள்ளேயே படிக்கட்டு, கழிப்பறை, நடைவழி எல்லாம் குடைந்து வைத்தார்கள். வாசல் தரையில் இல்லாமல் மேல்தளத்தில் இருக்கும்.

பலவீனம் மூலையில் இருந்தது. சதுரக் கோபுரத்தின் மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டினால் இரண்டு சுவர்கள் ஒன்றாகப் போகும். 1215இல் ஜான் மன்னர் இங்கிலாந்தின் ரோசெஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டபோது அதையே செய்தார். தோண்டிய குழிக்குள் மர முட்டுகள் கொடுத்து, அவற்றை எரிக்க 40 கொழுத்த பன்றிகளை அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார். சாப்பிட லாயக்கில்லாதவையாகப் பார்த்து அனுப்பச் சொன்னதும் அதிலேயே இருக்கிறது. கொழுப்பு எரிந்தது, முட்டுகள் கருகின, தென்கிழக்கு மூலை இடிந்தது. ஆனால் தள்ளும் கூரை எதுவும் மேலே இல்லாததால் மீதிக் கோபுரம் அப்படியே நின்றது. உள்ளே இருந்தவர்கள் குறுக்குச் சுவருக்குப் பின்னால் போய்ச் சண்டையைத் தொடர்ந்தார்கள். கடைசியில் பசிதான் அவர்களை வெளியே கொண்டு வந்தது. பிறகு வந்த மூன்றாம் ஹென்றி காலத்தில் அந்த மூலையைத் திரும்பக் கட்டியவர்கள் வட்டமாகக் கட்டினார்கள். ரோசெஸ்டரில் இன்றும் மூன்று மூலைகள் சதுரம், ஒன்று வட்டம்.