கேமரா நோட்டைப் பார்க்கட்டும்: வீட்டுவழிக் கல்வியும் காணொளி வகுப்பும்

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் காணொளிச் சந்திப்பு வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். 2016 முதல் இதைச் செய்துவருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறோர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி போட்ட கழித்தல் கணக்கைக் கண்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் வகுப்புக்கு ஒருநாளும் தவறியதில்லை. திரையில் முகம் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு படியிலும் புரிந்ததா என்று கேட்பேன். "புரிஞ்சுது மிஸ்" என்று தலையாட்டுவாள். விடைகளை உரையாடல் பெட்டியில் தட்டி அனுப்புவாள். பாதி சரியாக இருக்கும், பாதி தவறாக இருக்கும். கவனக்குறைவு என்று நானும் நினைத்தேன், அவளுடைய அம்மாவும் அப்படியே நினைத்தார். நான்கு மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் மடிக்கணினி பழுதாகிவிட, அம்மாவின் கைபேசியிலிருந்து வகுப்புக்கு வந்தாள். சாய்த்து வைக்க ஒன்றும் கிடைக்காததால், இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலம் போலக் கைபேசியைப் படுக்க வைத்திருந்தாள். பின்பக்கக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முகம் தெரியவில்லை; நோட்டும் பென்சில் பிடித்த கையும் மட்டுமே தெரிந்தன. 503-இலிருந்து 278-ஐக் கழிக்கச் சொன்னேன். ஒன்றாம் இடத்தில் 3-க்கும் 8-க்கும் கீழே 5 என்று எழுதினாள். பத்தாம் இடத்தில் 0-க்கும் 7-க்கும் கீழே 7. நூறாம் இடத்தில் 3. விடை 375.

எது மேலே, எது கீழே என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் அதுவரை அவள் கைக்கொண்டிருந்த முறை. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகள் அதனால்தான் சரியாக வந்தன. கடன் வாங்க வேண்டியவை அத்தனையும் தவறின. அவளிடம் கவனக்குறைவு இல்லை, மிகுந்த ஒழுங்கோடு ஒரு தவறான விதியைப் பின்பற்றிவந்திருக்கிறாள். நேரில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் யாரும் இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையின் முகம் தெரிந்தால் வகுப்பு நடக்கிறது என்று நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. காணொளிச் சந்திப்பு என்ற கருவியே முகத்தைக் காட்டுவதற்காகத்தான் வளர்ந்து வந்திருக்கிறது. 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏடி அண்டு டி நிறுவனம் 'பிக்சர்போன்' என்ற படத் தொலைபேசியைக் காட்டியது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் அது வணிகச் சேவையாகத் தொடங்கியபோது மாதக் கட்டணம் 160 டாலர். அதற்கு அரைமணி நேரம் பேசலாம். விரும்பி வாங்கியவர்கள் மிகச் சிலரே என்பதால் சில ஆண்டுகளில் அது ஓய்ந்துபோனது. 1992-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான 'சியூ-சீமி' மென்பொருள், சாதாரணக் கணினியிலிருந்து இணையம் வழியாக முகம் பார்த்துப் பேச வைத்தது. அடுத்த ஆண்டே சில பள்ளிகள் அதைக்கொண்டு தங்களுக்குள் பேசிப் பார்த்தன. 1994-இல் ஏறக்குறைய 100 டாலருக்கு வந்த 'குவிக்கேம்' கேமரா கறுப்பு வெள்ளையில், 320-க்கு 240 புள்ளி அளவில்தான் படம் காட்டியது. அதில் பிள்ளையின் நோட்டைக் காட்டினால் எழுத்து தெரிந்திருக்காது, முகம் தெரியும்.

பின்னர் வந்தவை அலுவலகத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 1995-இல் தொடங்கிய வெப்எக்ஸ் நிறுவனம், திரையைப் பகிர்ந்து கூட்டம் நடத்தும் வழக்கத்தைப் பரப்பியது. 2003-இல் வந்த ஸ்கைப் 2006-இல் காணொளியையும் சேர்த்துக்கொண்டு வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டிக்குக் காட்டியது. 2025 மே மாதத்தோடு அது மூடப்பட்டுவிட்டது. வெப்எக்ஸில் பணியாற்றிய எரிக் யுவான் 2011-இல் தொடங்கிய நிறுவனம்தான் ஜூம். அதே 2011-இல் கூகுள் வெளியிட்ட வெப்ஆர்டிசி தொழில்நுட்பம், தனியே மென்பொருள் எதையும் நிறுவாமல் உலாவியிலேயே பேச வழிசெய்தது. லிங்கைத் தொட்டால் வகுப்புக்குள் வந்துவிடலாம் என்ற நிலை வந்த பிறகுதான், கணினியில் பழக்கமில்லாத பெற்றோரும் துணிந்து பிள்ளையை இணைய வகுப்பில் உட்கார வைத்தார்கள். வகுப்பறைக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளும் இல்லாமல் இல்லை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கிய 'பிக்புளூபட்டன்' அப்படிப்பட்டது. ஆனாலும் பெரும்பாலான வீடுகளை வந்தடைந்தவை அலுவலகக் கூட்டத்துக்கான கருவிகள்தாம்.

படமே இல்லாமல், தொலைவில் இருந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்டிய ஒரு பள்ளியை, என்னிடம் வரும் பெற்றோர் எல்லோருக்கும் நான் சொல்வதுண்டு. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1951 ஜூன் 8 அன்று 'வான்வழிப் பள்ளி' தொடங்கப்பட்டது. அடுத்த வீட்டுக்குப் போகவே பல மணி நேரம் பிடிக்கும் மாட்டுப் பண்ணைகளில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு, விமானத்தில் போய் வைத்தியம் பார்க்கும் 'பறக்கும் மருத்துவர் சேவை'யின் வானொலிக் கருவிகளைக் கொண்டே பாடம் நடத்தலாம் என்று யோசனை சொன்னவர் அடிலெய்டு மீத்கே என்ற கல்வியாளர். அந்தப் பள்ளியின் எல்லை ஏறத்தாழ 13 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு. தொடக்கத்தில் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள், அவ்வளவுதான். விரைவிலேயே ஒவ்வொரு ஒலிபரப்பின் இறுதியிலும் கேள்வி பதில் நேரம் சேர்க்கப்பட்டது. பிள்ளை பேச, ஆசிரியர் கேட்க, அது பள்ளியாயிற்று.

அங்கே வானொலி வகுப்பு நாள் முழுவதும் நடக்கவில்லை, நாளின் ஒரு சிறு பகுதியாகவே இருந்தது. மீதி நேரமெல்லாம் தபாலில் வந்த பயிற்சித் தாள்களை வைத்துக்கொண்டு, 'வீட்டு ஆசிரியர்' என்று அழைக்கப்பட்ட ஒருவர் (பெரும்பாலும் அம்மா) பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்தார். பிள்ளை கைப்பட எழுதிய தாள் ஆசிரியரிடம் போய்த் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. ஆசிரியரின் காதுக்குப் பிள்ளையின் குரல், கண்ணுக்குப் பிள்ளையின் கையெழுத்து. முகம் தெரியாமலேயே தலைமுறைகள் படித்திருக்கின்றன. இன்று அந்தப் பள்ளியும் காணொளிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் உட்காரும் வீட்டு ஆசிரியரை மட்டும் அது விட்டுவிடவில்லை.

நம் நாட்டில் 2020-இல் நடந்தது இதற்கு நேர்மாறு. பள்ளிகள் மூடப்பட்டதும், ஆறு ஏழு பாடவேளைகள் கொண்ட கால அட்டவணை அப்படியே திரைக்கு மாற்றப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல், 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றும், 9 முதல் 12 வரை நான்கு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. அதைக் கடைப்பிடித்த பள்ளியை என் அனுபவத்தில் நான் பார்க்கவில்லை. அந்த நாட்களின் கசப்பை வைத்து வீட்டுவழிக் கல்வியே இப்படித்தான் என்று முடிவுகட்டியவர்கள் பலர். பள்ளிக்கூடத்தைத் திரைக்குள் கொண்டுவருவது வேறு, வீட்டுவழிக் கல்வி வேறு. பள்ளிக்குப் போகாதவர்களுக்கும் தேர்வு நடத்தும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை 14 வயது நிறைந்த பிள்ளை எழுதலாம். அதுவரை எதை, எந்த வேகத்தில் படிப்பது என்பது குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொண்ட வீட்டிலும் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை திரை ஓடுவதைக் காணும்போது எனக்கு மனம் வலிக்கிறது. என் வகுப்பு 35 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். அதற்கு மேல் கேட்கும் பெற்றோரிடம், மீதி நேரத்தில் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

படத்தைவிடக் குரல் முக்கியம் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழ 150 மில்லி நொடிக்கு மேல் ஆகாதிருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும். வீட்டு வைஃபை திணறும்போது இது அரை நொடியைத் தாண்டிவிடுகிறது. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்றும், மூன்று நொடி காத்திருந்தால் பிள்ளைகளின் விடை நீளமாகவும் தெளிவாகவும் வருகிறது என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே காட்டினார். நான் கேட்கும் கேள்வி போய்ச்சேர அரை நொடி, பதில் வந்துசேர அரை நொடி என்றால், பிள்ளை யோசிக்கத் தொடங்கும் முன்பே நான் விடையைச் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் கேள்வி கேட்டதும் மேசையின் கீழ் விரல் மடக்கி ஐந்து எண்ணுகிறேன்.

இணைப்பு திணறினால் முதலில் நிறுத்த வேண்டியது முகக் காணொளியை. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் படம் ஒரு மணி நேரத்தில் 450 எம்பி டேட்டாவைத் தின்கிறது. 40 கிலோபிட்டில் தெளிவாகப் போகும் குரலுக்கு 20 எம்பி போதும். மைக் உள்ள ஹெட்போன் ஒன்று வாங்கிவிட்டால், மின்விசிறிச் சத்தமும் குக்கர் விசிலும் பாதிக்கு மேல் குறையும். பாட்டு வகுப்புக்கு மட்டும் வேறு கணக்கு. இந்த மென்பொருள்கள் ஒரே சீராக ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எண்ணி நீக்கிவிடுகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை தம்புரா போட்டுக்கொண்டு பாடியதில், சுருதி மொத்தமும் வடிகட்டப்பட்டு வெறும் குரல் மட்டும் அவள் குருவிடம் போயிருக்கிறது. மென்பொருளின் அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை இயக்கிய பிறகே தம்புரா கேட்டது.

முன்பக்கக் கேமராவில் நோட்டைக் காட்டும் பிள்ளைகள் எழுத்து இடவலமாகத் தெரிவதைக் கண்டு குழம்புவார்கள். ஒரு பையன் எனக்காக எண்களையே திருப்பி எழுதத் தொடங்கிவிட்டான். அது அவர்கள் பக்கத்துக் கண்ணாடி மட்டுமே, எனக்கு நேராகத்தான் தெரியும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தன் முகத்தைத் தானே திரையில் பார்த்துக்கொண்டிருப்பதும் களைப்பைக் கூட்டும் என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதினார். அதை மறைக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு.

பாதுகாப்பில் கட்டாயமானவை சில. லிங்கை வாட்ஸ்ஆப் குழுவில் போடாமல் தனித்தனியாக அனுப்புங்கள், காத்திருப்பு அறையை இயக்கிவையுங்கள், பெரியவர் ஒருவர் காதில் விழும் தூரத்தில் இருக்கட்டும். 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளின் முகங்கள் தெரியும் வகுப்புத் திரையைப் படம்பிடித்து விளம்பரத்துக்காகப் பகிரும் பயிற்சி நிலையத்தைக் கண்டால், தயங்காமல் கேள்வி கேளுங்கள். கேமரா நோட்டைப் பார்க்கும் வகுப்பில் பதிவாவது ஒரு கையும் சில கணக்குகளும்தான் என்பதும் எனக்குப் பெரிய நிம்மதி.

புதிதாகச் சேரும் பிள்ளையின் பெற்றோரிடம், முதல் வகுப்புக்கு முந்தின நாள் மேசையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். இருபக்கமும் ஒரு சாண் உயரத்துக்குப் புத்தக அடுக்கு, மேலே பின்பக்கக் கேமரா கீழே பார்க்கும்படி கைபேசி, நடுவில் கோடு போட்ட நோட்டு, அழிப்பான் மட்டும் வேண்டாம். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளையென்றால் விளக்கை இடப்பக்கம் வையுங்கள். இல்லையேல் எழுதும் கையின் நிழல் இலக்கங்களின் மேல் விழுந்து, 3-ஆ 8-ஆ என்று எனக்குத் தெரியாது.