பேனலுக்குள் இருந்த சிவப்பு ஒயர்

போன ஆடியில் கோபியிலிருந்து மச்சினன் ஒரு வாட்ஸ்அப் வீடியோ அனுப்பினான். ஏதோ ஒரு தீம் பார்க்கில் ரோலர் கோஸ்டர் ஏற்றத்தின் பாதியில் நின்றுவிட்டது. ஏறியிருந்தவர்கள் பக்கவாட்டுப் படியில் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொருத்தராக இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த நிமிசம் போன். "மாமா, காலாண்டு லீவுக்குக் கொழந்தைகளைக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தமுங். இதைப் பாத்தா வயித்தைக் கலக்குதுங். போலாமுங்களா?"

அந்த வீடியோவைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை என்றேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

பம்ப் கம்பெனியில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) செக் பண்ணுவதில் ஆரம்பித்து, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளில் வெல்டிங் பார்த்து, இப்போது ஒன்பது வருடமாக ராட்டினம், கோஸ்டர் என்று ஆள் ஏறும் மெஷின்களைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. நம்ம பக்கத்துக்காரர்களுக்கு இதைத் தறியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். ஆட்டோ தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தால் அதில் தொங்கும் பின் கீழே விழும், தறி தானாக நிற்கும். அடிக்கடி நிற்கிறதே என்று எரிச்சல்பட்டு யாராவது அந்த அமைப்பையே கழற்றிவிட்டால் தறி என்னவோ ஜோராகத்தான் ஓடும். துணி என்ன லட்சணத்தில் வரும் என்று பல்லடத்துக்காரரிடம் கேளுங்கள்.

கோஸ்டரும் அப்படித்தான். தண்டவாளத்தைப் பல பகுதியாகப் பிரித்திருப்பார்கள். முன்னால் உள்ள பகுதி காலி என்று சென்சார் சொன்னால்தான் பின்னால் வரும் ட்ரெயினுக்கு வழி. சென்சாரில் தூசி, ஒயர் லூசு, எதுவானாலும் கண்ட்ரோல் அதைச் சந்தேகமாகவே எடுத்துக்கொண்டு நிறுத்திவிடும். ஏற்றத்தில் செயின் இழுக்கும்போது டக்கு டக்கு என்று ஒரு சத்தம் வருமே, அது பல்லுக்குப் பல் விழும் பூட்டுக் கொக்கி. செயினே அறுந்தாலும் ட்ரெயின் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும். 1972இல் லண்டன் பாட்டர்சீ பூங்காவில் இழுவைக் கயிறு அறுந்து, அந்தப் பூட்டும் பிடிக்காமல் போய், ட்ரெயின் பின்னோக்கி உருண்டு 5 குழந்தைகள் இறந்தார்கள்.

ஆகவே நிற்கிற கோஸ்டர் எனக்குக் கவலை தருவதில்லை. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காத கோஸ்டர்தான் கவலை.

அப்படி ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்தது மூன்று வருடத்துக்கு முன்பு. பூங்கா பெயர் வேண்டாம். பழசாக வாங்கி மாட்டிய கோஸ்டர், இரண்டு ட்ரெயின். திங்கட்கிழமை வெள்ளென ஆறு மணிக்குப் போய் லாக் புத்தகத்தைப் புரட்டினேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் 'பிரேக் 2 சென்சார் ஃபால்ட், ரீசெட்' என்று வரிவரியாக எழுதியிருந்தது. சனி, ஞாயிறு சுத்தமாகக் காலி. கூட்டம் அம்முகிற நாளில் மெஷினுக்குத் தானாகக் குணமாகிவிட்டதாம்!

பேனலைத் திறக்கச் சொன்னேன். இரண்டு டெர்மினலுக்கு நடுவில் நாலு விரல்கடை நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயர். மற்ற ஒயர்களுக்கெல்லாம் நம்பர் ஃபெருல் (எண் போட்ட சின்னக் குழல்) மாட்டியிருந்தது, இதற்கு மட்டும் இல்லை.

"அதுங்களா சார்..." ஃபோர்மேன் தலையைச் சொறிந்தார். "வெள்ளிக்கெழமை பத்து நிமிசத்துக்கு ஒருக்கா நின்னுதுங். கீழ ஜனம் கத்துது. சும்மா ஒரு லிங்க் போட்டு உட்டமுங். இன்னைக்கு எடுத்தறலாம்னுதானுங் இருந்தோம்."

"ரெண்டு ட்ரெயினும் ஓடுச்சுங்களா?"

சித்த நேரம் பேசவில்லை. "ஓடுச்சுங்."

அதாவது இரண்டு நாள் முழுக்க, முன்னால் ட்ரெயின் நின்றாலும் நிற்காவிட்டாலும் 'வழி காலி' என்றே அந்த ஒயர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. புது மெஷின்களில் இரட்டைச் சென்சார் இருக்கும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும், ஒரு துண்டு ஒயரால் ஏமாற்ற முடியாது. இது பழைய மெஷின். மேலே ஏறிப் பார்த்தால் கோளாறு சென்சாரிலேயே இல்லை. அதிர்வில் பிராக்கெட் போல்ட் இரண்டும் தளர்ந்து, சென்சார் நாலு மில்லி தள்ளிப் போயிருந்தது. இடைவெளியைச் சரிபண்ணி, ஸ்பிரிங் வாஷர் போட்டு முறுக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஃபோர்மேன் கெட்டவர் இல்லை, வேலை தெரிந்தவர். சனிக்கிழமை கோஸ்டரை நிறுத்தும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவின் ஸ்மைலர் கோஸ்டரில் 2015 ஜூன் 2 அன்று நடந்ததும் இதே ரகம்தான். சோதனைக்கு விட்ட காலி ட்ரெயின் நடுவழியில் நின்றுவிட்டது. அன்று காற்றும் பலம். கண்ட்ரோல் சரியாகக் கண்டுபிடித்து, 16 பேர் இருந்த ட்ரெயினை ஏற்றத்திலேயே நிறுத்தி வைத்தது. கீழே இருந்தவர்கள் மெஷின்தான் பொய் சொல்கிறது என்று நினைத்து, அதை மீறி அனுப்பிவிட்டார்கள். நேராகப் போய் மோதியதில் இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். அடுத்த வருடம் கோர்ட் விதித்த அபராதம் 50 லட்சம் பவுண்டு.

சென்சார் கோளாறு நின்று காட்டிக்கொடுத்துவிடும். உலோகக் களைப்பு அப்படி இல்லை, கடைசி நாள் வரைக்கும் மூச்சு விடாது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிகிறதே, அதேதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில். ஒரு நாளைக்கு 160 சுற்று, ஒரு சுற்றில் பள்ளமும் வளைவுமாகப் பத்து இடம் என்று வையுங்கள். சக்கர அச்சு 1,600 தடவை அழுத்தம் வாங்குகிறது. வருடத்தில் 300 நாள் ஓடினால் 4,80,000.

வேறொரு பூங்காவில் அச்சுகளைக் கழற்றி, விரிசலைக் காட்டும் சாயச் சோதனை போட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, சிவப்புச் சாயம் ஸ்ப்ரே பண்ணி, கால் மணி நேரம் விட்டு (அதற்குள் ஒரு டீ), சாயத்தைத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் (விரிசலுக்குள் போன சாயத்தை வெளியே இழுக்கும் பூச்சு) அடிக்க வேண்டும். ஏழு அச்சில் ஒன்றுமில்லை. எட்டாவதில், தடிமன் குறைகிற தோள் ஓரத்தில், வெள்ளைக்குள்ளிருந்து மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு மெதுவாகக் கசிந்து வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரை வட்டமாக நீண்டது. கையால் தடவினால் வழுவழு.

அந்த ஒன்று மட்டும் ஒரிஜினல் இல்லை. இறக்குமதிக்கு மூன்று மாதம் ஆகும் என்று இங்கேயே ஒரு லேத்துப் பட்டறையில் போட்டது. மெட்டீரியல் சரிதான், இஎன் 24 என்ற அலாய் ஸ்டீல். பாலிஷ் ஒரிஜினலை விடப் பளபள. ஆனால் தோள் ஓரத்தில் டிராயிங் கேட்ட 3 மில்லி ரேடியஸ் (மூலையின் வளைவு) இல்லை. டூல் நேராக வெட்டி மூலையைக் கூராக விட்டிருக்கிறது. விரிசல் பிறக்க அந்தக் கூர் மூலை போதும். கோயமுத்தூர்ப் பட்டறைகளால் முடியாத வேலை இல்லை. ஆனால் டிராயிங் இல்லாமல் பழைய அச்சைக் கையில் கொடுத்து 'இதே மாதிரி ஒண்ணு' என்றால், அளவு வரும், ரேடியஸ் வராது.

முதலாளி கேட்டது ஒன்றுதான்: "ஏனுங், பண்டிகை லீவு முடியட்டும், அப்புறம் மாத்திக்கலாமுங்களா?" ஜப்பான் கதையைச் சொன்னேன். ஒசாகா எக்ஸ்போலேண்டில் 1992இலிருந்து ஓடிய கோஸ்டர் அது. 15 வருடம் அச்சு மாற்றவே இல்லை. வருடாந்திரச் சோதனையையும் மே மாத விடுமுறைக் கூட்டம் முடியட்டும் என்று தள்ளிவைத்தார்கள். 2007 மே 5, அந்த விடுமுறைக்குள்ளேயே அச்சு ஒடிந்தது. 19 வயதுப் பெண் இறந்தார். பூங்கா மறுபடி எழவில்லை, 2009இல் மூடிவிட்டார்கள். முதலாளி ஒன்றும் பேசாமல் ஸ்டோருக்குப் போன் போட்டார். பதினோரு நாள் கோஸ்டர் ஓடவில்லை.

துரு இன்னொரு ஊமைக் குசும்பன். வெளியே பெயிண்ட் பளிச்சென்று இருக்கும், குழாய்க்குள் தண்ணீர் நின்று உள்ளிருந்து தின்னும். 2017இல் அமெரிக்காவின் ஓஹையோ கண்காட்சியில் ராட்டினக் கை ஒடிந்து விழுந்ததற்கு அதுதான் காரணம். நம்ம ஊர் நோம்பி ராட்டினங்களை, அந்தியூர் ஆடித் தேர் தொடங்கி ஊர் ஊராகக் கழற்றி மாட்டுகிறார்கள். அங்கே நான் முதலில் பார்ப்பது பூட்டுப் பின்கள். பின்னுக்குப் பதில் வளைத்த வெல்டிங் ராடு சொருகியிருந்தால் குழந்தையை இறக்கிவிடுங்கள்.

ஏறுகிறவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஃபியூரி 325 கோஸ்டரின் தூண் விரிசல் விட்டு, ட்ரெயின் கடக்கும்போதெல்லாம் விலகி விலகிச் சேர்ந்ததை 2023 ஜூனில் பார்த்துச் சொன்னவர் பூங்காவுக்கு வந்த ஒருத்தர். வரிசையில் நிற்கும்போது போனை உள்ளே வைத்துவிட்டுக் கவனியுங்கள். சீட்டில் நம்மைப் பிடித்து வைக்கும் பூட்டுக் கம்பியை ஆபரேட்டர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறாரா, கண்ணாலேயே எண்ணிவிட்டுப் போகிறாரா? உயரக் கம்பில் பையன் ஒரு விரல்கடை குறைந்தால் தகராறு பண்ணாதீர்கள். பூட்டு அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

மச்சினன் லீவுக்குப் போய்விட்டு வந்து கூப்பிட்டான். "மாமா, நாங்க போனப்பவும் ஒருக்கா நின்னுதுங். பெரியவன் அழுதுட்டான், சின்னவன் மறுக்கா ஏறோணும்னு ஒரே அடம்."

"நின்னப்ப ஆபரேட்டர் என்ன பண்ணுனான்?"

"பட்டனையே தொடலீங். யாருக்கோ போன் பண்ணுனான். ரெண்டு பேர் வந்து மேல ஏறிப் பாத்துட்டு, காலியா ரெண்டு சுத்து ஓட்டுனாங். அதுக்கப்புறந்தான் ஏத்துனாங். முக்கா மணி நேரம் போச்சுங் மாமா, சோறுகூட லேட்டாத்தான் தின்னோம்."