டர்போ காருக்குப் பெரிய சைலன்சர் பைப் போடலாமா? சட்டம், சலான், ஆர்டிஓ அலைச்சல்

சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறான் (டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி). போன வருடம் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு 3 இன்ச் பைப் போட்டான். "ஆர்சி புக்ல பைப் சைஸே கிடையாது தம்பி, யார் கேக்கப் போறா?" என்றாராம் ஒர்க்‌ஷாப்காரர். பத்தே நாளில் சலான் வந்தது, கட்டினான். அடுத்த வாரமே வேறொரு சிக்னலில் நிறுத்தினார்கள். கட்டிய ரசீதை நீட்டியிருக்கிறான். "இது போன தடவைக்கு, இப்ப என்ன சொல்ற?" என்று கேட்டிருக்கிறார் அந்த அதிகாரி. அதற்கப்புறம் அவனோடு நானும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டம் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே சொல்லிவிட்டது. அதே வருடம் செப்டம்பர் 1 முதல் வந்த திருத்தத்தில் இரண்டு பிரிவுகள் உங்களுக்கு முக்கியம். அனுமதியில்லாத பாகத்தை மாட்டும் உரிமையாளருக்கு 182ஏ(4): மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதியை மீறி ஓட்டினால் 190(2): 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், அதோடு 3 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. ரோட்டிலேயே கட்டி முடிக்கும் தொகையை அந்தந்த மாநிலம் தனியாக வைத்திருக்கும்.

இனி ஏமாறும் இடங்கள்.

ஆர்சியில் பைப் அளவு இல்லை என்பது உண்மைதான். பிரிவு 52-இன் விளக்கத்தில்கூட, வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றம்தான் 'மாற்றம்' என்று இருக்கிறது. ஒரு வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டில் வாதாடலாம். ஆனால் ரோட்டில் உங்களை நிறுத்துகிறவர் ஆர்சியைப் பார்த்து நிறுத்தவில்லை, காதில் விழுந்த சத்தத்துக்குத்தான் நிறுத்துகிறார். மத்திய மோட்டார் வாகன விதி 120, சைலன்சர் இருக்க வேண்டும், அது சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்கிறது. ஒன்பது சீட் வரையுள்ள காருக்குத் தயாரிப்பு நிலையில் வரம்பு 74 டெசிபல். உள்ளே ஒன்றுமில்லாத நேர்க்குழாயை மாட்டிக்கொண்டு பிரிவு 52 பற்றிப் பேசி ஒரு பயனும் இல்லை.

அடுத்தது புகைச் சான்று. "பியூசி பாஸ் ஆயிடுச்சே" என்று எத்தனை பேர் நிம்மதியாக இருக்கிறார்கள் தெரியுமா? பெட்ரோல் காருக்கு அங்கே பார்ப்பது கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் மாதிரி நாலைந்து எண்கள். சத்தத்தை அளப்பதில்லை, பைப்பைக் குனிந்து பார்ப்பதும் இல்லை. அந்தத் தாள் சைலன்சருக்குக் கிடைத்த அனுமதி ஆகாது.

மூன்றாவது, பெரிய பிராண்ட், பில் இருக்கிறது என்ற தைரியம். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'பந்தயத் தடப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்னால் பாருங்கள். நம்ம பையன் வாங்கியதில் இருந்தது, சலான் வந்த பிறகுதான் படித்தான். இன்னொன்று, சட்டத்தில் 'டீலர்' என்ற சொல்லுக்குள் வண்டி ரிப்பேர் செய்கிறவரும் அடக்கம். விதிக்கு மாறாக வண்டியை மாற்றித் தரும் டீலருக்கு வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அதனால் "ரோட்டில் ஓட்டலாம்னு பில்லில் எழுதிக் கொடுங்கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

நாலாவதுதான் பெரிய குழி. சலான் கட்டினால் அந்த விஷயம் முடிந்தது என்று நினைப்பது. பைப் வண்டியில் இருக்கும்வரை ஒவ்வொரு தடவையும் புதுக் குற்றம். அதைவிட மோசம், அங்கேயே கட்டி முடித்தாலும் பிரிவு 200-இன்படி அது முதல் குற்றமாகக் கணக்கில் நிற்கும், அடுத்தது 'மறுமுறை' ஆகிவிடும், 190(2)-இல் சிறைக்கான உச்சவரம்பு 6 மாதமாக ஏறும். லைசென்ஸ் நடவடிக்கையும் பணம் கட்டியதால் நிற்காது. ஆகவே சலானில் தொகையைப் பார்ப்பதற்கு முன் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தவறாகப் போட்டதாக நினைத்தால் அவசரப்பட்டு ஆன்லைனில் கட்டாதீர்கள், கட்டுவது ஒப்புக்கொள்வது மாதிரி. மறுத்தால் கோர்ட்டுக்குப் போகும், போகட்டும்.

190 போட்டால் லைசென்ஸை வாங்கிக்கொள்ள அதிகாரம் உண்டு. ஒரு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று 206(4) தெளிவாகச் சொல்கிறது. இதை அங்கே யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. ஓட்டி மாட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய வழக்கு, அது தனியாக 5,000. காரையே எடுத்துக்கொண்டு போவேன் என்று மிரட்டினால், பிரிவு 207 வண்டியைப் பிடிக்கச் சொல்லும் காரணங்கள் லைசென்ஸ், பதிவு, பர்மிட் சம்பந்தப்பட்டவை, சைலன்சர் அதில் இல்லை. சண்டைக்குப் போகாமல் எந்தப் பிரிவு என்று மட்டும் கேளுங்கள்.

"சரி, முறைப்படி அனுமதி வாங்கிவிடலாமே" என்று நாங்களும் கிளம்பினோம். கவுன்டரில் "ஆன்லைன்ல போடுங்க" என்றார்கள். ஆன்லைனில் வாகன மாற்றத்துக்கு விண்ணப்பம் இருக்கிறது, கேஸ் கிட் போடுகிறவர்களுக்கு அது சரிப்படும். சைலன்சருக்கு என்ன போடுவது என்று கேட்டால் பிரேக் இன்ஸ்பெக்டரைப் பாருங்கள் என்றார்கள். அவர் அன்று கேம்ப். மறுநாள் பிடித்துக் கேட்டால், சோதனை நிறுவனத்தின் சான்று கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். அந்த நிறுவனங்கள் புனேயிலும் மானேசரிலும் ஒரகடத்திலும் இருக்கின்றன. கம்பெனிகள் புது மாடலுக்கும் கிட்டுக்கும் ஒப்புதல் வாங்கும் இடம் அது, தனி ஆள் ஒருவர் ஒற்றைப் பைப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நிற்கும் இடமல்ல. இது அந்த இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் எங்களுக்கு இரண்டு நாள் மிச்சம். வெளியே வந்தால் புரோக்கர், "ஆர்சில ஏத்தித் தர்றேன்" என்று நிற்கிறார். பைப் அளவு எழுத ஆர்சியில் இடமே இல்லாதபோது எதில் ஏற்றுவார்? பணம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு பாடும் அந்த 3 இன்சுக்குத் தகுமா என்று பாருங்கள். டர்போவுக்குப் பின்னால் அழுத்தம் குறையக் குறைய நல்லது என்பது சரிதான். ஆனால் பைப்பின் அளவை முடிவுசெய்வது எஞ்சின் தள்ளும் புகையின் அளவு. 100, 120 குதிரைத்திறன் காருக்கு 2 முதல் 2.25 இன்ச் தாராளம். 2.5 இன்ச் பைப் 250 குதிரைத்திறன் பக்கம்வரை தாங்கும் என்பது டியூனிங் செய்கிறவர்களின் தோராயக் கணக்கு. 3 இன்ச் அதைவிட 44 சதவீதம் அதிகப் பரப்பு, அவ்வளவு புகை இந்தக் காரில் கிடையாது. மிஞ்சுவது 2,000 ஆர்பிஎம்மில் கேபினுக்குள் 'ங்ங்' என்று ஒரு ரீங்காரமும், வேகத்தடையில் அடி தட்டுவதும்தான். வளைவுகளை நசுக்கி வளைத்திருந்தால் 3 இன்ச் அந்த இடத்தில் 3 இன்ச்சாகவும் இருக்காது. டவுன்பைப்பில் (டர்போவை அடுத்து வரும் முதல் பைப்) இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை, அதாவது புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் பாகத்தை, எடுத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த காரில் எஞ்சின் விளக்கு எரியும், கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோடு வரும், சர்வீஸ் சென்டரில் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும், வாரண்டி பேச்சு அங்கேயே முடியும். விபத்துக் க்ளெய்முக்கு வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயரும் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்.

துருப்பிடித்ததால் மாற்றுகிறீர்கள் என்றால் அதே அளவு, அதே கம்பெனி சைலன்சரை மாட்டுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் பழைய பைப்பை ஒர்க்‌ஷாப்பில் விடாதீர்கள். நம்ம பையனுடையதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், புதிதாக வாங்க வேண்டியதாகிவிட்டது. திருப்பி மாட்டியதும் தேதி போட்ட பில், கிலோமீட்டர் தெரிய ஒரு போட்டோ, வண்டிக்கு அடியில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆர்சியை நிறுத்திவைக்கிறோம் என்று நோட்டீஸ் வந்தால் அதற்கு எழுத்தில் பதில் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும், அப்புறமும் நிறுத்தினால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. அங்கே வாயால் சொல்வது எடுபடாது, இந்த மூன்றையும்தான் கேட்பார்கள்.