பியூப்பா: பாவையா, கூட்டுப்புழுவா?

பியூப்பாவைத் தமிழில் எப்படிச் சொல்வது? பியூப்பா லத்தீன் சொல். சிறுமி, பொம்மை இரண்டும் அதன் பொருள். 1758-இல் உயிரியலாளர் லின்னேயஸ் அதைப் பூச்சியின் ஒரு பருவத்துக்கு, புழுவுக்கும் சிறகுப் பூச்சிக்கும் இடைப்பட்ட பருவத்துக்கு, பெயராக்கினார். கண்ணின் கருவட்டத்தைக் குறிக்கும் 'பியூப்பில்லா'வும் இதே வேர்தான். எதிரே நிற்பவரின் உருவம் அதில் குட்டிப் பொம்மையாகத் தெரியுமல்லவா? தமிழில் 'பாவை' இந்த மூன்று பொருளையும் அப்படியே தாங்குகிறது. 'கருமணியிற் பாவாய்' என்கிறது குறள். நேர்ச்சொல் கேட்டால் பாவைதான்.

ஆனால் பாடநூலிலும் பட்டு வளர்ப்பிலும் 'கூட்டுப்புழு' வேரூன்றிவிட்டது. அதை மாற்றத் தேவையில்லை, குழப்பாமல் இருந்தால் போதும். கூடு என்பது புழு நூற்ற உறை. கூட்டுப்புழு உள்ளே இருக்கும் உயிர். அது தின்னாது, நடக்காது. வயிற்றுக் கணுக்களை மட்டும் நெளிக்கும். பட்டுப்புழுவைப் போல எல்லாமே கெட்டிக் கூடு கட்டும் என்று நினைத்தால் காட்டில் ஏமாறுவோம்.

தேக்கிலையைத் தின்னும் ஹிப்ளேயா புயேரா அந்துப்பூச்சியைப் பாருங்கள். (புயேராவுக்கும் பழைய லத்தீனில் சிறுமி என்றே பொருள்!) சிறகு விரித்தால் 3 முதல் 4 செ.மீ. உட்கார்ந்திருக்கும்போது சாம்பல் கலந்த பழுப்பு முன்சிறகு மட்டுமே தெரியும், சருகோடு சருகாகிவிடும். முன்சிறகை மெல்ல விலக்கினால் பின்சிறகின் கறுப்பில் ஆரஞ்சு மஞ்சள் பட்டைகள். அடையாளம் அதுதான்.

கோடை மழையில் தேக்கு துளிர்க்கும்போது இளந்தளிரில் முட்டையிடும். புழு இலையோரத்தை வெட்டி மடித்து, நூலால் ஒட்டி, அதற்குள் பதுங்கும். பெரிய நரம்புகள் மட்டும் மிஞ்சினால் இதன் வேலை. இலை சல்லடையாகி நுண்நரம்பு வலையும் மிஞ்சியிருந்தால் வேறொரு பூச்சி, யூடெக்டோனா. 10 முதல் 12 நாளில் முற்றிய புழு நூலில் தொங்கி இறங்கும். சருகுக்கடியில் நாலு துணுக்கை நூலால் இழுத்துக் கட்டியதுதான் கூடு, தொட்டாலே பிரியும். அதற்குள் 6 முதல் 8 நாள் கூட்டுப்புழு.

கூட்டுப்புழுவை எடுத்து வந்து வளர்க்க, டப்பாவில் 2 செ.மீ. ஈரமண், மேலே சருகு, சாய்வாக ஒரு குச்சி வையுங்கள். மண்ணைப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சை பிடிக்கும். குச்சி இல்லாவிட்டால், வெளிவரும் அந்துக்கு ஏறித் தொங்க இடமின்றிச் சிறகு சுருங்கியே காய்ந்துவிடும். சிலவற்றிலிருந்து அந்துக்குப் பதில் உடலில் முள் போன்ற மயிருள்ள ஓர் ஈ (டக்கினிட் ஈ) வெளியே வரும். புழுவாக இருந்தபோதே அதற்குள் குடியேறிய ஒட்டுண்ணி அது.