முடக்குவாதம்: இ.எஸ்.ஆர். குறைந்தால் போதுமா?

சேலத்தில் முடக்குவாத நோயாளிகளைப் பார்த்துவருபவன் நான். மறுபரிசோதனைக்கு வருகிறவர்களின் குடும்பத்தார் முதலில் நீட்டுவது, உடலில் உள்ள அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அளவு எழுதிய ரத்தப் பரிசோதனைத் தாளைத்தான். ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கத்திலிருந்து தாயை அழைத்து வந்த மகன் ஒருவர், "மூணே மாசத்துல இ.எஸ்.ஆர். எழுபதுல இருந்து முப்பதுக்கு வந்துடுச்சுங்க டாக்டர்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் அந்த அம்மாவோ பேசாமல் அமர்ந்திருந்தார். "காலையில குழாயைத் திருக முடியுதாம்மா?" என்று கேட்டேன். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தி, மணிக்கட்டை வளைத்துத் திருகிக் காட்டினார். விரல்கள் அதில் சேரவே இல்லை.

மூட்டின் அழற்சி தணிவது வேறு, அன்றாட வேலை கைக்கு வருவது வேறு. இரண்டாவதை அளப்பதற்காக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் உருவாக்கி 1980இல் வெளியிட்ட வினாத்தாளையே உலகெங்கும் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். உடுத்துதல், எழுந்திருத்தல், உண்ணுதல், நடத்தல், குளியல், எட்டி எடுத்தல், பிடித்தல், வெளிவேலை என 8 பிரிவுகளில் 20 கேள்விகள். கடந்த ஒரு வாரத்தை நினைத்து, சிரமமே இல்லையென்றால் 0, அறவே முடியவில்லையென்றால் 3 என்று விடை சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் அதிகமான எண்ணை எடுத்துக்கொண்டு எட்டால் வகுத்தால் வருவது நோயாளியின் மதிப்பெண்.

அந்த மதிப்பெண் எவ்வளவு குறைந்தால் நோயாளியே உணரக்கூடிய முன்னேற்றம் என்று கொள்ளலாம் என்பதற்கு, மருந்தாய்வுகளில் 0.22 என்ற அளவை வைத்திருக்கிறார்கள். எட்டால் வகுப்பதால் மதிப்பெண் 0.125, 0.125 ஆகத்தான் இறங்கும். ஆகவே ஒரு படி இறங்கினால் போதாது, இரண்டு படியாவது இறங்க வேண்டும். அந்த அம்மாவுக்கு மருந்து தொடங்கும் முன் 1.75 இருந்தது, மூன்றாம் மாதம் 1.625: ஒரே படி. 0.22 என்பது பலரின் சராசரியிலிருந்து வந்த எண் என்பதால், தனியொருவரிடம் நான் அதைவிடப் பெரிய இறக்கத்தையே எதிர்பார்க்கிறேன்.

கேள்வியும் நம் வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டும். மூல வினாத்தாள் குளியல் தொட்டியையும் கார்க் கதவையும் கேட்கிறது. இந்தியர்களுக்கென 2002இல் வெளியான 12 கேள்விகள் கொண்ட வடிவமோ சம்மணமிடுவதையும், ஆட்டோவில் ஏறி இறங்குவதையும், காய்கறிச் சந்தைக்குப் போய்வருவதையும் கேட்கிறது.

இதைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது, செய்வதையே விட்டுவிட்ட வேலையைப் பற்றி "சிரமம் இல்லைங்க" என்று வரும் பதில்தான். தண்ணீர்க் குடத்தை மருமகள் தூக்கத் தொடங்கியபின் மாமியாருக்குக் குடம் கனப்பதில்லை. கொலுசுப் பட்டறையில் கண்ணி கோர்க்கும் ஒருவர், குறட்டின் பிடியில் பழந்துணியைத் தடிமனாகச் சுற்றிவைத்துக்கொண்டு, பிடிப்பதில் தொல்லை இல்லை என்றார். மூல வினாத்தாளின் விதிப்படி துணைக்கருவியோடு செய்கிற வேலைக்கு அந்தப் பிரிவில் குறைந்தது 2 போட வேண்டும். அந்தத் துணியைப் பார்க்காமல் விட்டிருந்தால் 0 என்று எழுதியிருப்பேன்.

நெடுநாள் நோயில் எலும்பு அரித்துப்போன மூட்டுகளால் வரும் இயலாமை, அழற்சி முழுதும் அடங்கினாலும் மிஞ்சுவதுண்டு. அவர்களுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. தொடக்க நிலையில் வருபவர்களிடம்தான் மதிப்பெண் இறங்க நிறைய இடமிருக்கிறது. முதல் மாத்திரைக்கு முன்பே மதிப்பெண்ணைக் குறித்துவைக்காவிட்டால், பின்னால் எதனோடு ஒப்பிடுவது?

நாகலூர் அம்மாவுக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற முடக்குவாத மருந்தின் அளவைக் கூட்டி, கைப்பயிற்சியும் சேர்த்தோம். ஆறாம் மாதம் இ.எஸ்.ஆர். ஏறக்குறைய அதே முப்பதில்தான் நின்றது, மதிப்பெண் 1.25க்கு இறங்கியிருந்தது. குழாயை இப்போது வலக்கை விரல்களாலேயே திருகுகிறார். காப்பிப் பழம் பறிப்பதில் பழைய வேகம் இன்னும் வரவில்லை என்றார். அதையும் அவருடைய ஏட்டில் எழுதிக்கொண்டேன்.